பூனைக்கு லிவர் ஷன்ட்: எச்சிலில் தொடங்கி அறுவை சிகிச்சை வரை

எங்கள் பூனை சிட்டுவுக்கு எச்சில் ஒழுகும், கழுத்து முடியெல்லாம் நனைந்து ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு. வாயிலும் பல்லிலும் தேடினார்கள், ஒன்றும் இல்லை. கூடப் பிறந்த குட்டிகளைவிட ரொம்பச் சின்னதாகவே இருந்தாள், கண்களும் பளபளவென்று செம்பு நிறம். இவை மூன்றும் சேர்ந்து வந்தால் கல்லீரலைப் பார்க்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை, அதற்காகவே எழுதுகிறேன்.

சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் ஆளே மாறிவிடுவாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், சுவரில் நெற்றியை அழுத்திக்கொண்டு அப்படியே நிற்பாள், அப்புறம் தானாகவே தெளிந்துவிடும். மருத்துவரிடம் போகும்போதெல்லாம் நன்றாக இருப்பாள். அதனால் சாப்பாட்டு நேரத்தைக் குறித்துவைத்து, அந்த நிலையை வீடியோ எடுத்துக் காட்டினேன். அதைப் பார்த்தவுடன்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது.

குடலிலிருந்து வரும் ரத்தம் போர்ட்டல் நாளம் வழியாகக் கல்லீரலுக்குப் போய்ச் சுத்தமாக வேண்டும். சிட்டுவுக்குப் பிறவியிலேயே ஒரு குறுக்குக் குழாய் இருந்து, கல்லீரலைத் தொடாமலே ரத்தத்தைக் கொண்டுபோயிருக்கிறது, இதைத்தான் லிவர் ஷன்ட் என்கிறார்கள். அம்மோனியா போன்ற நச்சுகள் நேரே மூளைக்குப் போயின. எச்சிலும் அந்த மயக்கமும் அதனால்தான். வெறும் வயிற்றில் ஒரு முறை, சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து ஒரு முறை ரத்தம் எடுத்து, கல்லீரல் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் பித்த அமில அளவைப் பார்த்தார்கள், குழாய் எங்கே ஓடுகிறது என்பது சி.டி. ஸ்கேனில் தெரிந்தது.

முதலில் மருந்து. குடலில் அம்மோனியாவைக் குறைக்கும் லாக்டுலோஸ் சிரப்பை சிரிஞ்சில் கன்ன ஓரமாகக் கொடுக்க வேண்டும், பாதி என் சட்டையில்தான் போகும். மலம் இளக்கமாக ஒரு நாளைக்கு 2, 3 தடவை போனால் அளவு சரி, தண்ணீராகப் போனால் டாக்டரைக் கேட்டுக் குறைக்க வேண்டும். கூடவே ஆன்டிபயாடிக். உணவைச் சிறு சிறு வேளைகளாகப் பிரித்தோம். புரதத்திலிருந்துதான் அம்மோனியா வருகிறது என்று நாம் பயந்துபோய்ப் புரதத்தை அடியோடு வெட்டிவிடக் கூடாது, பூனை மாமிசம் தின்று வாழும் பிராணி, அதன் உடம்பே கரைந்துவிடும்.

அப்புறம் அறுவை சிகிச்சை. குறுக்குக் குழாயைச் சுற்றி அமெராய்டு வளையம் போட்டார்கள், அது ஈரத்தை இழுத்து ஊதி, வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் குழாயை மூடும். சட்டென்று மூடினால் போர்ட்டல் நாளத்தில் அழுத்தம் ஏறி உயிருக்கே ஆபத்து.

குழாயில் கை வைத்த பிறகு வலிப்பு வரலாம், தற்காலிகமாகப் பார்வை போகலாம், அதுவும் முதல் சில நாட்களில்தான், அம்மோனியா சரியாக இருந்தாலும்கூட. சிட்டுவுக்கு இரண்டுமே வந்தது. கால்கள் துடுப்பு போடுவதுபோல் அடித்துக்கொண்டன, தெளிந்தபின் என் விரலைக் கண்ணெதிரே ஆட்டினால் இமைக்கவில்லை. லெவெடிராசெட்டம் என்ற வலிப்பு மாத்திரையை ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தும் அப்படி. இரவெல்லாம் ஆள் இருந்து பார்க்கும் இடமாக இருந்ததால்தான் பிழைத்தாள் என்று நினைக்கிறேன். அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிக்கும் முன்பே, இரவில் ஆள் இருப்பார்களா என்று கண்டிப்பாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பார்வை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிவிட்டது. எச்சில் நின்றது, எடையும் ஏறுகிறது. லாக்டுலோஸை நிறுத்திவிட்டோம், வலிப்பு மாத்திரையை மட்டும் டாக்டர் சொல்லச் சொல்லக் குறைத்து வருகிறோம்.