உசிலம்பட்டி சாரும் எங்கள் எம்.பி.யும்

பள்ளியின் பழைய மாணவர் மலருக்குக் கட்டுரை கேட்டு சங்கச் செயலாளர் மூன்று முறை போன் செய்துவிட்டார். பள்ளியைப் பற்றி என்றால் மணல் மைதானத்தையும் மதியக் கோதுமைச் சோற்றையும் நாம் எல்லோருமே எழுதுவோம். அதனால் நான் ஓர் அரசியல்வாதியைப் பற்றி எழுதுகிறேன்: 1971ல் நம் ராமநாதபுரம் தொகுதி எம்.பி. ஆன பி.கே. மூக்கையாத் தேவர். அவர் நம் பள்ளிக்கு வந்ததில்லை, நான் அவரை நேரில் பார்த்ததும் இல்லை. ஆனாலும் எனக்கு அவர் நம் பள்ளியோடு சேர்ந்தவர்தான்.

1971 தேர்தலின்போது நான் ஆறாம் வகுப்பு. பாம்பனுக்குச் சாலைப் பாலம் வர இன்னும் 17 வருடம் இருந்தது. ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு ராமேசுவரம் தீவுக்குள் வர வழி கிடையாது. கட்சிக்காரர்கள் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்து இறங்கினார்கள். சுவரெல்லாம் சிங்கம் வரைந்தார்கள். எங்களுக்கு ஒரே சிரிப்பு. வலையும் வள்ளமுமாகக் கிடக்கிற ஊரில் சிங்கத்துக்கு என்ன வேலை? கொடியைப் பார்த்தால் அதில் புலி பாய்கிறது. இதைச் சமூகவியல் சாரிடம் கேட்டேன். “கொடி புலி, சின்னம் சிங்கம். கட்சி பார்வர்டு பிளாக். ஆளு எங்க ஊருடா” என்றார்.

அன்றிலிருந்துதான் சமூகவியல் சார் எங்களுக்கு உசிலம்பட்டி சார். அவர் காலத்தில் படித்தவர்களுக்குப் பெயர் சொல்லாமலே தெரியும். கடலைக் கண்டால் பயம், கரையிலிருந்து பத்தடி தள்ளித்தான் நிற்பார். கருவாட்டுக்கு மட்டும் எப்படியோ அடிமையாகிவிட்டார்.

பாடத்தை முடித்துவிட்டு மிச்ச நேரத்தில் பி.கே. மூக்கையாத் தேவரின் கதையைச் சொல்வார். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டியில் 1923ல் பிறந்தவர். 1957, 1962, 1967 என்று வரிசையாக உசிலம்பட்டியில் ஜெயித்தவர். 1963ல் முத்துராமலிங்கத் தேவர் மறைந்த பிறகு தமிழ்நாட்டில் கட்சியைத் தாங்கியவர். சாருக்கு மிகவும் பிடித்தது 1967 கதை. தி.மு.க. ஜெயித்து முதல் சட்டமன்றம் கூடியபோது தற்காலிக சபாநாயகராக உட்கார்ந்து, புதிய எம்.எல்.ஏ.க்களுக்கு உறுதிமொழி செய்து வைத்தவர் மூக்கையாத் தேவர். “ஜெயிச்சு வந்தவங்க எங்காளு முன்னால நின்னுதான்டா உறுதிமொழி எடுத்தாங்க” என்பார். தானே பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி இருக்கும்.

கடைசி பெஞ்சுக்காரன் ஒருவன் ஒருநாள் கேட்டுவிட்டான்: “எல்லாம் சரி சார், மலையடிவாரத்துக்காரருக்குக் கடலைப் பத்தி என்ன தெரியும்?” சாருக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. மூக்கையாத் தேவர் கட்சியின் பலமெல்லாம் முதுகுளத்தூர், கமுதிப் பக்கம்தான். எங்கள் தெருவில் விழுந்த ஓட்டு கூட்டணி ஓட்டு. அந்த வருடம் தி.மு.க., இந்திரா காங்கிரஸ், பார்வர்டு பிளாக் எல்லாம் ஒரே அணி. தமிழ்நாட்டிலிருந்து அவர் கட்சிக்கு டெல்லியில் கிடைத்தது அந்த ஒரே நாற்காலி.

1974 ஜூன் கடைசியில் கச்சத்தீவு இலங்கைக்கு என்று ஒப்பந்தம் கையெழுத்தானது. தீவு 285 ஏக்கர்தான். வெளியாருக்கு அது ஒரு மணல் திட்டு. எங்களுக்கு அது அந்தோணியார் கோயில் திருவிழா. தவக்காலத்தில் இங்கிருந்தும் யாழ்ப்பாணப் பக்கமிருந்தும் வள்ளங்கள் போய்ச் சேரும். பூசை ஒரு பக்கம், கைலியும் புடவையும் கொடுத்து சோப்பும் தேங்காய் எண்ணெயும் வாங்குவது ஒரு பக்கம். எங்கள் அம்மாவின் சோப்புப் பெட்டியில் வருடம் முழுக்கச் சிலோன் வாசனைதான்.

ஜூலை 23 அன்று வெளியுறவு அமைச்சர் சுவரண் சிங் மக்களவையில் ஒப்பந்தத்தைப் பற்றி அறிக்கை வைத்தார். எதிர்த்து எழுந்தவர்களில் தி.மு.க. எம்.பி. இரா. செழியனும் இருந்தார், எங்கள் எம்.பி.யும் இருந்தார். மூன்று வருடத்துக்கு முன்னால் எந்த அணியில் நின்று ஜெயித்தாரோ, அந்த அணியில் இருந்த பிரதமரின் ஒப்பந்தத்தைத்தான் எதிர்த்தார். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ சார் பத்திரிகையோடு வகுப்புக்குள் வந்தார். வருகைப் பதிவுகூட எடுக்கவில்லை. நேரே கடைசி பெஞ்சுக்குப் போய் அந்தப் பையன் முன்னால் பத்திரிகையை விரித்து, “சத்தமா படி” என்றார். அவன் திக்கித் திக்கிப் படித்தான். பிறகு கரும்பலகையில் ராமேசுவரத்தை வரைந்து, வடகிழக்கே ஒரு புள்ளி வைத்து, ராமநாதபுரம் சேதுபதி ஜமீனுக்கும் அந்தப் புள்ளிக்கும் என்ன சம்பந்தம் என்று மணி அடிக்கும்வரை சொன்னார். கடலுக்குப் பயந்த மனிதர் அன்றைக்குக் கடலைத் தவிர வேறு எதையும் பேசவில்லை.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. “வலை காயப் போடலாம், கோயிலுக்குப் போகலாம்னு எழுதியிருக்காம்ல. அப்புறம் என்ன?” என்றார். தப்பில்லை, ஐந்தாவது பிரிவில் யாத்திரை பற்றி அப்படித்தான் இருந்தது. ஆகஸ்டில் தமிழகச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 1976 ஜனவரி 31ல் அந்த அரசே கலைக்கப்பட்டது. மார்ச்சில் இரண்டு அரசுகளும் மாற்றிக்கொண்ட கடிதங்களில், ஒருவர் கடலில் மற்றவர் மீன் பிடிக்கக் கூடாது என்று வந்துவிட்டது. அப்போது கேள்வி கேட்கச் சென்னையில் சட்டமன்றமே இல்லை. அப்பா அன்றைக்கும் ஒன்றும் பேசவில்லை. வலையை மட்டும் நெடுநேரம் பிரித்துக்கொண்டிருந்தார்.

பேசி என்ன ஆயிற்று என்று கேட்டால், ஒன்றும் ஆகவில்லை. இருந்தாலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. தேர்தலுக்குத் தேர்தல் கச்சத்தீவை எடுக்கிறார்கள், யார் கொடுத்தார் என்று சண்டை போடுகிறார்கள். அன்றைக்கு எழுந்து நின்ற தொகுதி எம்.பி.யின் பெயரை நம் கரையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. உசிலம்பட்டிப் பக்கம் போனால் உறங்காப்புலி என்று படம் வைத்திருக்கிறார்கள். அது அவர்களுடைய மூக்கையாத் தேவர். நம்முடைய மூக்கையாத் தேவர் ஒருவர் இருந்தார் என்பதைக் கடற்கரைக்காரர்கள் நாம்தான் மறந்துவிட்டோம்.

1977ல் அவர் மறுபடி உசிலம்பட்டி எம்.எல்.ஏ. ஆனார். சாரும் மாற்றல் வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்கே போய்விட்டார். 1979 செப்டம்பர் 6ல் மூக்கையாத் தேவர் காலமானார், வயது 56. நான் அப்போது மதுரையில் கல்லூரி. செய்தியைப் பார்த்ததும் சாருக்கு ஒரு கார்டு போட்டேன், என்ன எழுதுவது என்று தெரியாமல் நாலு வரி.

இன்லண்டு கவரில் பதில் வந்தது. தலைவரைப் பற்றி ஒரே ஒரு வரி: “ஊரே அடுப்பு மூட்டலடா.” மிச்சமெல்லாம் விசாரிப்பு. அப்பா கச்சத்தீவுப் பக்கம் போகிறாரா, பள்ளிக்கூடத்துக் கூரை மாற்றினார்களா, ஊருக்குப் போய்த் திரும்பும்போது சீலாக் கருவாடு கொஞ்சம் கொண்டுவர முடியுமா என்று.