அம்மாவின் விதை டம்ளர்

கோத்தகிரி வீட்டில் அடுப்படி ஜன்னல் ஓரமாக ஒரு டம்ளர் இருக்கிறது. அம்மா அதில் பட்டர் பீன்ஸ் விதை போட்டு வைத்திருக்கிறார். தங்கச்சி கல்யாணத்துக்கு ஜூஸ் ஊற்ற, கோயம்புத்தூரிலிருந்து நான் வாங்கிவந்த டம்ளர்களில் ஒன்று அது. "சோளத்திலிருந்து செஞ்சதும்மா, மண்ணுல மக்கிடும். தோட்டத்துல குழி வெட்டிப் புதைச்சிடு" என்று சொன்னவளும் நான்தான். ஒன்றரை வருடம் கழித்து உருளைக்கிழங்கு தோண்டும்போது அம்மா அதை முழுசாக எடுத்தார். கழுவினார், கொஞ்சம் மங்கியிருந்தது. அவ்வளவுதான்.

பாலிமர் ஆராய்ச்சி என் பிழைப்பு. அந்த டம்ளரைப் பார்த்தபோது நெஞ்சில் குத்தியது. தமிழ்நாடு முழுக்க 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் தடை வந்தது. எங்கள் மாவட்டத்தில் கேரி பேக்கை அதற்குப் பல வருடம் முன்பே நிறுத்திவிட்டார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு நான் கொண்டுபோய்ப் புதைக்கச் சொன்னது இது.

டம்ளர் பாலிலாக்டிக் அமிலம் என்ற, சோள மாவிலிருந்து செய்யும் பிளாஸ்டிக்கால் ஆனது. 'மக்கும்' என்று முத்திரை வாங்க, உரக்குவியல் சோதனையில் 180 நாளுக்குள் அதன் கார்பனில் 90 சதவீதம் கரியமில வாயுவாக வெளியேற வேண்டும். ஆனால் அந்தச் சோதனை நடப்பது 58 டிகிரியில். அந்தச் சூட்டில்தான் இறுகிக் கிடக்கும் அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் இளகும், தண்ணீர் உள்ளே புகுந்து அவற்றை வெட்டும், பிறகு நுண்ணுயிரிகள் தின்னும். கோத்தகிரியில் மே மாத வெயிலிலும் 30 டிகிரியைத் தொடுவது அரிது. டிசம்பரில் கை விறைத்துப்போகும். அம்மாவின் மண்ணில் அது எப்படி மக்கும்? 'மக்கும்' என்று அச்சடிக்கிறவர்கள் எத்தனை டிகிரியில் என்பதையும் அதே அளவு எழுத்தில் அச்சடிக்க வேண்டும். இதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

அதற்கப்புறம் பி.எச்.பி. (பாலிஹைட்ராக்சிபியூட்ரேட்) என்ற இன்னொரு மக்கும் பிளாஸ்டிக் பக்கம் திரும்பினேன். 1926-ல் பிரான்சில் மொரீஸ் லெமொய்ன் ஒரு பாக்டீரியாவுக்குள் கண்டுபிடித்த பொருள் இது. கிழங்கு மாவைச் சேர்த்துவைப்பதுபோல, பாக்டீரியா பஞ்ச காலத்துக்காக இதை உடம்புக்குள் சேர்த்துவைக்கிறது. இதை வெட்டித் தின்னும் நொதி மண்ணில் உள்ள பல நுண்ணுயிரிகளிடம் இருக்கிறது. 58 டிகிரி தேவையில்லை. மெல்லிய படலம் ஒன்றை அதே பாத்தியில் புதைத்தேன். எட்டாவது மாதம் எடுத்தபோது சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. அம்மாதான் முதலில் சிரித்தார்.

இப்போது அதே பி.எச்.பி.யில் முகம் தேய்க்கும் கிரீமுக்கான நுண்மணிகள் செய்கிறோம். முன்பு அந்த மணிகள் பாலிஎத்திலீன். கழுவினால் நேராக ஓடைக்குப் போய்விடும். அமெரிக்கா 2015-ல் அதைத் தடுக்கச் சட்டம் போட்டது, ஐரோப்பா 2023-ல் கட்டுப்படுத்தியது.

போன மாதம் அம்மா கேட்டார்: "மண்ணுக்கு நல்லதுங்கற, சரி. மூஞ்சிக்கு?"

சரியான கேள்வி. மக்கும் பொருள் என்பதாலேயே அது தோலுக்குப் பாதுகாப்பாகிவிடாது. பாலிமர் மூலக்கூறு பெரியது, தோலைத் தாண்டி உள்ளே போகாது. எனக்குப் பயம் அதில் ஒட்டிக்கொண்டு வருவதைப் பற்றித்தான். பாக்டீரியாவிலிருந்து பி.எச்.பி.யைப் பிரிக்கக் குளோரோஃபார்ம் பயன்படுத்தினால் அதன் மிச்சம், பாக்டீரியாச் சுவரிலிருந்து வரும் நச்சு, பிறகு சேர்க்கும் வாசனை. அந்த வாசனையை நம் ஊர் யூகலிப்டஸ் தைலத்தை வைத்தே சொல்லலாம். தைலத்தில் உள்ள லிமோனீன் என்ற வாசனைப் பொருள் புதிதாக இருக்கும்போது பெரிதாகத் தொந்தரவு செய்யாது. மூடி திறந்து மாதக்கணக்கில் காற்றுப் பட்டால் ஹைட்ரோபெராக்சைடாக மாறி ஒவ்வாமை தரும். ஜன்னலோரத்தில் பாதி காலியாக நின்ற தைல பாட்டிலை அன்றைக்கே எடுத்து ஒதுக்கினேன்.

அழகுப் பொருளை விலங்குகள் மேல் சோதிப்பது இந்தியாவில் 2014 முதல் கிடையாது. மனிதத் தோல் செல்களை வளர்த்து அடுக்கிய சின்னத் தோல் துண்டில் சோதிக்கிறோம். பொருளைத் தடவிக் கழுவி, பிறகு மஞ்சள் சாயம் விடுவோம். உயிரோடு இருக்கும் செல் அதை ஊதாவாக மாற்றும். ஊதா பாதிக்குக் கீழே இறங்கினால் எரிச்சல் தரும் பொருள் என்று கணக்கு. எங்கள் முதல் தொகுதி மணிகளில் நிறம் வெளிறிப்போனது. கரைப்பான் மிச்சம்தான் காரணம். மறுபடி கழுவி, உலர்த்தி, மறுபடி சோதித்தோம். மூன்றாவது தொகுதியில் ஊதா அடர்த்தியாக வந்தது. இன்னும் ஒவ்வாமைச் சோதனை பாக்கி.

அந்த மூன்றாவது தொகுதியில் ஒரு ஸ்பூன் எடுத்து வலைப்பையில் கட்டி, கேரட் பாத்தி ஓரமாகப் புதைத்துவிட்டு வந்திருக்கிறேன். அடையாளத்துக்கு அம்மா கற்பூர மரக் குச்சி ஒன்று நட்டுவைத்திருக்கிறார்.