பிளாக் பெல்ட் தேர்வா? முதலில் பாதத்தைக் கவனியுங்கள்

பிளாக் பெல்ட் தேர்வு என்றதும் நம்ம பசங்க முதலில் கையில் எடுப்பது தலை உயரக் கிக்கைத்தான். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் காலைத் தூக்கி வைத்து இழுப்பதும், பக்கத்து வீட்டு அக்கா "தம்பி, கால் கழண்டு வந்துடப் போகுது" என்று பதறுவதும் எல்லாத் தெருவிலும் நடக்கிறது. அந்த ஆசை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஷோட்டோகான் என்ற கராத்தே பாணியில் ஷோதான், அதாவது முதல் நிலை பிளாக் பெல்ட் தேர்வை முடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தேர்வாளர்களின் கண் பெரும்பாலும் உங்கள் இடுப்புக்குக் கீழேதான் இருக்கும்.

முதலில் கிஹோன், அதாவது அடிப்படைப் பயிற்சி. ஸென்குட்சு தாச்சி என்ற முன்காலை மடக்கி நிற்கும் நிலையில் எடையில் சுமார் 60 சதவீதம் முன்காலில் இருக்க வேண்டும், பின்கால் நீண்டு குதிகால் தரையில் பதிந்திருக்க வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும். நாலைந்து காம்பினேஷன் முடிந்து தொடை எரிய ஆரம்பித்ததும் பின் குதிகால் கிளம்பும், அடி வைக்கும்போது தலை எழும்பி எழும்பி இறங்கும், இடுப்புக்கு இழுக்கப்பட வேண்டிய மறு கை (ஹிகிதே) பாதியிலேயே நின்றுவிடும். மார்க் போவது இங்கேதான். இதற்கு எங்கள் மாஸ்டர் செய்த வைத்தியம் துடைப்பக் கட்டை. நீங்கள் தாழ்ந்து நின்றதும் நண்பர் ஒருவர் அதை உங்கள் தலைக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு கூடவே நடக்க வேண்டும். தலை கட்டையில் இடிக்காமல் ஹால் முழுக்க ஓய் சுகி (அடி எடுத்து வைத்துக் குத்துவது) போட்டுப் பாருங்கள். குட்டி மஞ்சள் பெல்ட்டுகள் சுற்றி நின்று சிரிக்கும், சிரிக்கட்டும்.

தேர்வில் என் வரிசையில் ஐம்பதைத் தாண்டிய ஒருவர் நின்றார். அவருடைய மே கெரி (முன்னோக்கிய உதை) வயிற்று உயரத்துக்கு மேல் போகவில்லை. ஆனால் முட்டி முதலில் நெஞ்சருகே வந்தது, கால் நேராகப் போனது, போன வேகத்திலேயே மடங்கித் திரும்பியது, அதற்குப் பிறகுதான் பாதம் தரையைத் தொட்டது. நின்ற காலின் குதிகால் அசையவே இல்லை. பக்கத்தில் ஒரு கல்லூரிப் பையன் தலைக்கு மேலே உதைத்தான். ஒவ்வொரு உதைக்கும் உடம்பு பின்னால் சாய்ந்து, கால் தொப்பென்று முன்னால் விழுந்தது. தேர்வாளர் அந்தப் பெரியவரை மட்டும் இன்னொரு முறை செய்யச் சொன்னார், மற்றவர்கள் பார்ப்பதற்காக. எனக்குக் கைதட்டத் தோன்றியது.

அடுத்தது கட்டா, அதாவது வரிசை மாறாமல் தனியாகச் செய்து காட்டும் அசைவுகள். பலரும் பஸ்ஸாய் தாய் என்ற பெரிய கட்டாவை மாதக்கணக்கில் மெருகேற்றிவிட்டு ஆரம்பத்தில் கற்ற ஐந்து ஹெயான் கட்டாக்களை மறந்துவிடுகிறார்கள். தேர்வாளர் அதில் ஒன்றைக் கேட்டால் முகம் வெளுத்துவிடும். கராத்தே ஆசான் இட்டோசு அங்கோ ஒகினாவாவில் பள்ளிப் பிள்ளைகளுக்காக அமைத்தவை இவை. ஷோட்டோகானை உருவாக்கிய ஃபுனாகோஷி கிச்சின் பின்னாளில் ஹெயான் என்று பெயர் மாற்றினார். அவற்றில் முதலாவதான ஹெயான் ஷோதானில் 21 அசைவுகள், 9-லும் 17-லும் கியாய் (உரத்த முழக்கம்). அவ்வளவு எளிமையானதால்தான் அதில் எதையும் மறைக்க முடியாது. இன்னொரு பொறி, தொடக்கத்தில் இருக்கிறது. இரண்டாவதான நிதானும் நான்காவதான யோன்தானும் இரண்டு கைகளையும் மேலே கொண்டுவந்து கிட்டத்தட்ட ஒரே மாதிரி தொடங்கும். மூன்றாவதான சாந்தானுக்கும் ஐந்தாவதான கோதானுக்கும் முதல் அசைவே ஒன்றுதான், இடப்பக்கம் திரும்பி உச்சி உகே (கையை உள்ளிருந்து வெளியே கொண்டுபோகும் தடுப்பு). பதற்றத்தில் ஒன்றைத் தொடங்கி இன்னொன்றுக்குள் போய்விடுவது சர்வ சாதாரணம். கட்டாவின் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள், ஒரு மூச்சு விடுங்கள், இரண்டாவது அசைவை மனதில் பார்த்த பிறகு கையைத் தூக்குங்கள்.

வழக்கமான ஹாலில் கண்ணாடியையும் ஜன்னலையும் அடையாளம் வைத்தே உடம்பு திரும்பப் பழகிவிடுகிறது. அதனால் கடைசி மாதத்தில் ஒவ்வொரு நாளும் வேறு வேறு சுவரைப் பார்த்து நின்று செய்யுங்கள். தொடங்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள், முடியும்போது அங்கேயே வந்து நிற்க வேண்டும். ஒரு அடி விலகினால் ஏதோ ஒரு ஸ்டான்ஸ் குட்டையாகியிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து ஜியூ இப்போன் குமிதே, அதாவது ஒற்றைத் தாக்குதல் சண்டைப் பயிற்சி. இதில் எதிராளி "ஜோதான்" (முகம்) என்றோ "சூதான்" (நெஞ்சு, வயிறு) என்றோ சொல்லிவிட்டுத்தான் அடிப்பார். எது வரும் என்று தெரியும், எப்போது வரும் என்பது தெரியாது. நேராகப் பின்வாங்கிக்கொண்டே போகாதீர்கள். சற்றே பக்கவாட்டில் விலகினால் உங்கள் க்யாக்கு சுகிக்கு (பின்கால் பக்கக் கையால் குத்துவது) இடம் கிடைக்கும். முழு வேகத்தில் போன முஷ்டி உடம்பைத் தொடும் முன் நிற்க வேண்டும். அடித்துவிட்டால் அது வீரமாகப் போய்ச் சேராது, கட்டுப்பாடு இல்லை என்றே எழுதிக்கொள்வார்கள். பதிலடி கொடுத்ததும் வேலை முடிந்ததென்று முகத்தைத் திருப்பவும் கூடாது. விலகி, கை தயாராக, கண் எதிராளி மேலேயே இருக்க வேண்டும்.

தேர்வன்று காலையில், தேர்வுக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கை, கால் நகங்களை முந்தின நாளே வெட்டிவிடுங்கள், எதிராளியின் கையில் கீறல் விழக் கூடாது. பணம் கட்டும் முன்பே டான் (பிளாக் பெல்ட் நிலை) சான்றிதழ் எந்த அமைப்பின் பெயரில் வரும் என்று மாஸ்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஷோட்டோகானுக்குள்ளேயே பல அமைப்புகள் உண்டு. ஒன்று கொடுத்த டானை இன்னொன்று அப்படியே ஏற்கும் என்ற உறுதி இல்லை.