கிளினிக்குக்கு அப்பாக்களும் வாங்கோ

எங்கள் சின்னவளுக்கு எக்ஸிமா, தோல் காய்ந்து சிவந்து கடிக்கிற வருத்தம். ஊரில் கரப்பன் என்பார்கள். மாங்குளத்துக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெரிந்த வீடுகளில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் நித்திரை இல்லாமல் கிடப்பது தாய்தான். கிளினிக் வாங்கில் காத்திருப்பதும் அம்மாக்களும் அம்மம்மாக்களும்தான். அதனால் இதை அப்பாக்களுக்கென்றே எழுதுகிறேன்.

நான் வயல் செய்கிறவன். பெரும்போக அறுவடை நேரம் உடம்பெல்லாம் சுணை. அதோடு பிள்ளையைத் தூக்கினால் அவளுக்குக் கழுத்தும் முழங்கை மடிப்பும் சிவந்துவிடும். வந்ததும் நேரே கிணற்றடிக்குப் போய்க் குளித்து, சறம் மாற்றிய பிறகுதான் தூக்குவேன். "அப்பா, கெதியாக் குளியுங்கோ" என்று திண்ணையில் நின்று கத்துவாள்.

இந்தப் பிள்ளைகளின் தோல் ஈரத்தைப் பிடித்து வைக்காது. பெரும்பாலும் பரம்பரையாக வருவது. என் அப்பாவுக்குத் தொய்வு (ஆஸ்துமா) இருந்தது, அதுவும் இதுவும் ஒரே குடும்பங்களில் வருகிறவை. மற்றப் பிள்ளைகளுக்குத் தொற்றாது. அடியோடு மாற்ற மருந்து இல்லை, ஆனால் வளர வளரப் பல பிள்ளைகளுக்குக் குறைகிறது. அதுவரை தோலின் ஈரம் போகாமல் காக்கிற ஓயின்மென்ட் பூச வேண்டும். நாளுக்கு இரண்டு முறையாவது, சுகமாக இருக்கிற நாளிலும். குளிப்பு கொஞ்ச நேரம், வாசனைச் சவுக்காரம் வேண்டாம், துவாயால் உரஞ்சாமல் ஒற்றி எடுத்து, ஈரம் காய முன் எமல்சிபையிங் ஓயின்மென்ட். டப்பாவுக்குள் கை விடாமல் கரண்டியால் எடுப்போம். உடம்பு முழுக்கக் காய்கிற பிள்ளைக்குக் கிழமைக்கு 250 கிராம் கூட முடியும். வீட்டுக் காசு உங்கள் கையில் என்றால் இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் "அதுக்குள்ள முடிஞ்சுதோ?" என்று கேட்பீர்கள், மனைவி அடுத்த முறை கிள்ளிக் கிள்ளிப் பூசுவாள். இன்னொன்று, இந்தப் பூச்சு ஊறிய உடுப்பு நெருப்பைச் சட்டென்று பிடிக்கும். விறகடுப்புக்குக் கிட்ட பிள்ளையை விடாதீர்கள்.

சிவந்து தடிக்கும்போது பூசும் ஸ்டீரொயிட் கிறீம்தான் வீடுகளில் பெரிய சண்டை. மாமிக்குப் பயம். "தோல் மெலிஞ்சு போகுமாம் தம்பி, வேப்பெண்ணெய் பூசுவம்" என்றா. டொக்டர் என் கையைப் பிடித்தே அளவு காட்டியிருந்தார்: பெரியவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஏறத்தாழ அரைக் கிராம், அது விரல்களோடு சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குக் காணும். சொன்ன அளவில், சொன்ன நாள் வரை பூசினால் தோலுக்குப் பயமில்லை. பயந்து பயந்து பாதியில் விட்டால்தான் திரும்பத் திரும்பக் கிளம்பும். "மாமி, எனக்கு முன்னாலதான் டொக்டர் சொன்னவர்" என்று நான் சொன்ன பிறகு அந்தப் பேச்சு நின்றது. மனைவி அதையே எத்தனையோ தரம் சொல்லியிருந்தாள். இது நியாயமில்லை, ஆனால் எங்கள் வீடுகள் அப்படித்தான். உங்கள் சொல் எடுபடுகிறதென்றால் அதைப் பிள்ளைக்காகப் பாவியுங்கள். கிரந்தி, அதாவது தோலில் கிளப்பிவிடும் சாப்பாடு, என்று மீன், முட்டை எல்லாவற்றையும் நிறுத்துகிற இடத்திலும் அப்படித்தான். ஒரு சாப்பாட்டால் கூடுகிறது என்று தெளிவாகக் கண்டாலொழிய, டொக்டரைக் கேட்காமல் வளர்கிற பிள்ளையின் கோப்பையில் கை வைக்காதீர்கள்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலில் வெள்ளையாகப் படியும். அந்தக் கடினத் தண்ணீரால்தான் கரப்பன் கூடுகிறது என்று, அதை மென்மையாக்கும் மெஷின் வாங்கக் கனடாவிலிருந்து சித்தப்பா காசு அனுப்புகிறேன் என்றார். இங்கிலாந்தில் எக்ஸிமா உள்ள 336 பிள்ளைகளை வைத்து அந்த மெஷினைச் சோதித்து 2011இல் முடிவு வெளியிட்டார்கள்: வழமையான வைத்தியத்தை விட மேலதிக பலன் இல்லை. அந்தக் காசில் பருத்திச் சட்டைகளும் ஓயின்மென்டும் வாங்கினோம்.

இரவுதான் கடினம். முன்னிரவு மனைவி, பின்னிரவு நான். "சொறியாத" என்று அதட்டிப் பயனில்லை, அந்தக் கடி பிள்ளையின் கட்டுப்பாட்டில் இல்லை. நகத்தை ஒட்ட வெட்டி, ஈரத் துணியை ஒற்றி, திரும்பப் பூசி, முதுகைத் தடவிக் கதை சொல்வேன். நீர் வடிந்து மஞ்சளாகப் பொருக்குக் கட்டினால் கிருமி ஏறியிருக்கும், டொக்டரிடம் காட்ட வேண்டும். நோகிற சின்னக் கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பிக் காய்ச்சலும் வந்தால் கிளினிக் நாள் பார்க்காமல் அன்றைக்கே ஆசுபத்திரி.

வரும் ஆண்டு அவள் முதலாம் வகுப்பு. ரீச்சரிடம் சொல்ல இருக்கிறது: தொற்றாது, மற்றப் பிள்ளைகளோடு சேர்த்து இருத்துங்கோ, வியர்த்தால் கழுவ விடுங்கோ, பையில் சின்ன டப்பா இருக்கும், கைக்குப் பூச விடுங்கோ. சப்பாத்துக்குப் பருத்தி மேசு தேட வேண்டும். பள்ளிக்கூடம் தொடங்கும் நேரம் வயலில் வேலை இருக்கும். இருந்தாலும் ரீச்சரோடு கதைக்க நான்தான் போகிறேன்.