மொட்டை

எனக்குச் சட்டை தைத்துத் தருகிற அக்கா படுவான்கரைப் பக்கம். இடது கையில் இரண்டு விரல் மடங்காது, ஆனாலும் அவ வெட்டுகிற கழுத்து மாதிரி மட்டக்களப்பு டவுனில் ஒருவரும் வெட்டமாட்டார்கள் (நம்பாவிட்டால் போங்கள்). போன கிழமை சட்டை எடுக்கப் போன நேரம் கரண்ட் நின்றுவிட்டது. சரி, வரும்வரைக்கும் கதைப்போம் என்று வாசலில் இருந்தோம்.

1990 செப்டம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் அகதியாக இருந்தவர்களில் 158 பேரை ராணுவம் பிடித்துக்கொண்டு போனதே, அதற்குப் பிறகுதான் அவ விடுதலைப் புலிகள் இயக்கத்துக்குப் போனவ. ஒருவரும் கூப்பிடவில்லை, தானாகப் போய், காயப்பட்டு, சில வருசத்தில் வீட்டுக்கு வந்துவிட்டா. ஆனால் 2002இல், அரசாங்கமும் இயக்கமும் ஒப்பந்தம் போட்டுச் சமாதானம் என்று எல்லாரும் சொன்ன காலத்தில், அவவின் தங்கச்சியை இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஏற்கனவே ஒரு பிள்ளையைத் தந்த வீடு என்று அம்மா குழறியும் விடவில்லை. பள்ளிக்கூடம் போகிற வயது.

"அவள நினைச்சா நான் போனதும் கசக்குது புள்ள" என்றா.

நமக்குப் பெண் போராளி என்றால் 1987 அக்டோபர் 10இல் கோப்பாயில் சண்டையில் விழுந்த மாலதி, புலிகளின் முதல் பெண் மாவீரர். 1943இல் நேதாஜி சிங்கப்பூரில் பெண்களுக்கென்று தொடங்கின ஜான்சி ராணி படை என்றால் கேப்டன் லட்சுமி. அந்தப் படையில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து போய்ச் சேர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர், ஒரு பெயர் சொல்லுங்கள் பார்ப்போம். எனக்கும் தெரியாது. வீராங்கனையா, பிடித்துக்கொண்டு போன பிள்ளையா என்று பேஸ்புக்கில் அடிபடுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது, இந்த வீட்டில் ஒரே பாயில் படுத்த இரண்டு பேரும் இருந்தார்கள்.

2004 மார்ச்சில் இயக்கத்தின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்தார். ஏப்ரலில், பெரிய வெள்ளிக்கிழமை, வெருகலில் ஒரே இயக்கத்துப் பிள்ளைகள் ஆளையாள் சுட்டுக்கொண்டார்கள். அப்புறம் கிழக்கில் இருந்தவர்களை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். தங்கச்சியும் வந்தாள், கட்டையாக வெட்டின முடியோடு. அந்த முடியைப் பார்த்தாலே எங்கிருந்து வந்தவள் என்று தெருவில் போகிறவனுக்கும் விளங்கும், திரும்பவும் பிடிக்க வருவார்கள் என்று ஊர் முழுக்கப் பயம். அம்மா என்ன செய்தா தெரியுமா? அன்றிரவே சவர அலகு எடுத்து மகளுக்கு மொட்டையடித்துவிட்டா. கேட்டவர்களுக்கெல்லாம் மாமாங்கம் கோயிலுக்கு நேர்த்தி என்றா.

கரண்ட் வந்தது, அக்கா எழும்பி மெஷினில் இருந்தா. தங்கச்சி இப்போது எங்கே என்று கேட்டேன்.

"கிரான் பக்கம், மூணு பிள்ளை. முடி இடுப்புக்குக் கீழ வரும். நுனிகூட வெட்ட விடமாட்டாள்."