365 வாக்கும் நான் வைத்த தலைப்பும்

வெளிநாட்டுப் பக்கம் பார்ப்பவனைப் பத்திரிகை ஆபீசில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ள மாட்டார்கள். ஒரு கவுன்சிலரின் இனிஷியல் மாறிப்போனால் காலை ஆறு மணிக்கே போன் வரும். ஏதோ ஒரு தேசத்து அதிபரின் பெயரையே தப்பாகப் போட்டாலும் கேட்க நாதி இருக்காது. சென்னையில் ஒரு தமிழ் நாளிதழில் அந்தப் பக்கத்தை நான் பார்த்துக்கொண்டிருந்த வருடங்களில், எழுதிய ஒரு தலைப்புக்காக என்னை விடாமல் குத்திக்காட்டியவர் ஒரே ஒருவர்தான். எங்கள் சீஃப் சப், அதாவது செய்திகளைத் திருத்தும் டெஸ்க்கின் தலைவர்.

2008 ஜூலை 25, வெள்ளிக்கிழமை. மதியம் பெங்களூரில் வரிசையாகக் குண்டுகள் வெடித்திருந்தன. நான்கு மணிக்கு நான் உள்ளே நுழைந்தபோது ஆபீஸ் சந்தைக்கடையாக இருந்தது. முதல் பக்கத்தைக் கட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார்கள். என் கணினியிலோ ஏஜென்சி அனுப்பிய லண்டன் செய்திகள் குவிந்து கிடந்தன. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ கிழக்குத் தொகுதி இடைத்தேர்தலில் தொழிலாளர் கட்சி தோற்றுவிட்டது.

"அண்ணே, பிரிட்டன்ல ஆளுங்கட்சி இடைத்தேர்தல்ல தோத்துருச்சு. லீடா வச்சிரவா?"

அவர் பெங்களூர் காப்பியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஆளுங்கட்சியா? இடைத்தேர்தல்லயா? நல்லாப் பாருடா தம்பி, மாத்திப் படிச்சிருக்கப் போற."

அவர் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். இடைத்தேர்தல் என்றால் மந்திரிகள் மொத்தமாக வந்து தெருவுக்குத் தெரு முகாம் போடுவார்கள், எதிர்க்கட்சிக்காரனை எம்.எல்.ஏ. ஆக்கி இரண்டு வருஷம் தண்ணீருக்கு அலைவானேன் என்று ஜனங்களும் ஆளுங்கட்சிக்கே குத்திவிடுவார்கள். அவர் பார்த்து வளர்ந்த இடைத்தேர்தல் அது. பிரிட்டனில் கணக்கு நேர்மாறு. 2005 தேர்தலில் தொழிலாளர் கட்சிக்கு 66 இடப் பெரும்பான்மை கிடைத்திருந்தது. ஒரு தொகுதி போனால் ஆட்சி கவிழாது. அதனாலேயே அங்கே ஜனங்கள் பயமில்லாமல் ஒரு குட்டு வைப்பார்கள்.

ஆனால் கிளாஸ்கோவில் விழுந்தது குட்டு இல்லை, சம்மட்டி அடி. 2005-ல் 13,507 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்த கோட்டை அது. இப்போது ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியின் ஜான் மேசன் 11,277 வாக்கு, தொழிலாளர் கட்சியின் மார்கரெட் கரன் 10,912. வித்தியாசம் 365. இரண்டு மாதம் முன்னால்தான், மே 22 அன்று, குரூ தொகுதியை கன்சர்வேடிவ் கட்சியிடம் விட்டிருந்தார்கள். ஹென்லி தொகுதியில் ஐந்தாம் இடத்துக்குப் போய் டெபாசிட்டையும் இழந்தார்கள். அந்த முடிவு வந்தது ஜூன் 27. கோர்டன் பிரவுன் பிரதமராகிச் சரியாக ஒரு வருடம் நிறைந்த நாள்.

இதில் என்னைப் படுத்திய சொல் 'ஸ்விங்'. கிளாஸ்கோவில் 22.5 சதவீத ஸ்விங் என்றது ஏஜென்சி. அப்படியே போட்டால் வாசகர் கிரிக்கெட் என்று நினைப்பார். ஒருவர் வாக்குப் பங்கில் இழந்த 19 சதவீதத்தையும் இன்னொருவர் கூடுதலாகப் பெற்ற 26 சதவீதத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் வருவது அது. இதைத் தமிழில் ஒரே சொல்லில் சொல்ல அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் எண்ணையே தூக்கிவிட்டேன். மிச்ச நேரத்தில் தலைப்பைச் செதுக்கினேன். 'பிரவுன் நாட்கள் எண்ணப்படுகின்றன.' அதோடு நின்றிருக்கலாம். கடைசிப் பாராவில் 'ஓரிரு வாரங்களில் அவர் பதவி விலகுவார் என்று தெரிகிறது' என்று நானாக ஒரு வரியும் சேர்த்தேன். யாருக்குத் தெரிகிறது என்று ஏஜென்சி காப்பியில் இல்லை. எனக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். குண்டுவெடிப்பு அமளியில் பக்கத்தை யாரும் படித்துப் பார்க்கவில்லை. அப்படியே அச்சேறிவிட்டது.

ஐந்தாவது நாள் வெளியுறவு அமைச்சர் டேவிட் மிலிபாண்ட் எழுதிய கட்டுரை கார்டியன் நாளிதழில் வந்தது. கட்சியின் எதிர்காலத்தைப் பற்றி நீட்டி முழக்கியிருந்தார். பிரவுன் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. அது போதாதா? ஆகஸ்ட் முழுக்க நான் காத்திருந்தேன். மிலிபாண்ட் போட்டிக்கு வரவே இல்லை.

செப்டம்பரில்தான் தொழிலாளர் கட்சியின் விதிப்புத்தகத்தின் பக்கம் என் கண் போனது. ஷிவோன் மெக்டோனா என்ற எம்.பி., தலைமைப் போட்டிக்கு வேட்புமனுப் படிவம் அனுப்புங்கள் என்று கட்சியைக் கேட்டார். (ஏஜென்சி எழுத்தைப் பார்த்து முதலில் 'சியோபைன்' என்று அடித்தேன். அதற்கும் போன் வரவில்லை.) அவர் வகித்த பதவி என்ன தெரியுமா? துணைக் கொறடா. மற்ற எம்.பி.க்களைக் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டியவரே கயிற்றை அவிழ்க்கிறார். அன்றைக்கே பதவி பறிபோனது.

தலைவரை எதிர்த்து நிற்பவரைக் கட்சியின் ஐந்தில் ஒரு பங்கு எம்.பி.க்கள் முன்மொழிய வேண்டும். அன்றைய கணக்கில் சுமார் 70 பேர். எனக்குப் பெரிதாகப் பட்டது எண்ணிக்கை இல்லை. 'பிரவுன் வேண்டாம்' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட அந்தக் கட்சியில் வழியில்லை. 'இன்னார் வேண்டும்' என்று ஒரு பெயரை எழுதியாக வேண்டும். கன்சர்வேடிவ் கட்சியில் அப்படியில்லை. அப்போதெல்லாம் தலைவர் மீது நம்பிக்கை இல்லை என்று 15 சதவீத எம்.பி.க்கள் கடிதம் கொடுத்தாலே நம்பிக்கை வாக்கெடுப்பு வந்துவிடும், அடுத்தவர் யார் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 2022-ல் போரிஸ் ஜான்சன் அந்த வாக்கெடுப்பில் 211-க்கு 148 என்று தப்பினார், ஜூன் 23 அன்று ஒரே நாளில் இரண்டு இடைத்தேர்தல் தோற்றார், ஜூலை 7-ல் விலகுவதாக அறிவித்தார். பிரவுனுக்கு எதிராக முணுமுணுத்தவர்கள் ஏராளம். எழுதப் பெயர்தான் இல்லை. நான் கிளாஸ்கோவின் 365-ஐப் பார்த்துத் தலைப்பு வைத்தேன். பார்த்திருக்க வேண்டியது இந்த 70-ஐ.

அதற்குள் செப்டம்பர் 15-ல் லேமன் பிரதர்ஸ் திவாலானது. மறுநாள் ஸ்காட்லாந்து துறை இணையமைச்சர் டேவிட் கெய்ர்ன்ஸ் ராஜினாமா செய்தார். வேறொரு வாரமாக இருந்தால் பக்கத்தின் தலையில் போயிருக்கும். வங்கிகள் சரிந்த செய்திக்குக் கீழே நாலு வரியில் ஒடுங்கியது. அடுத்த வாரம் மான்செஸ்டர் மாநாட்டில் பிரவுன் பேசினார். 'இது அனுபவமற்றவர்களுக்கான நேரமல்ல' என்று நான் மொழிபெயர்த்ததை அண்ணன் அடித்துவிட்டு 'கத்துக்குட்டிகளுக்கு இது நேரமில்லை' என்று மாற்றினார். சொன்னது எதிர்க்கட்சித் தலைவர் கேமரூனுக்கா, மிலிபாண்டுக்கா என்று லண்டன் பத்திரிகைகள் மண்டையைப் பிய்த்துக்கொண்டன. எங்கள் டெஸ்க்கில் அந்தச் சந்தேகமே எழவில்லை. அண்ணன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 6-ல் பிரவுனின் சொந்தத் தொகுதிக்கு அடுத்திருக்கும் கிளென்ரோதஸில் இடைத்தேர்தல். தோல்வி நிச்சயம் என்று நம்பி, பின்னணியெல்லாம் சேர்த்து ஒரு பாக்ஸ் செய்தி முன்கூட்டியே அடித்து வைத்திருந்தேன். பட்டும் புத்தி வரவில்லை. தொழிலாளர் கட்சி 6,737 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தது. பாக்ஸ் குப்பைக்குப் போனது. அந்த வாரம் பக்கம் முழுக்க ஒபாமா. கிளென்ரோதஸுக்கு ஒற்றைப் பத்தியில் இடம் கிடைத்ததே பெரிய விஷயம்.

ஜனவரியில் திருமங்கலம் இடைத்தேர்தல் வந்தது. அண்ணன் ஊருக்குப் போய்விட்டு வந்தார். தி.மு.க. 39,266 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்த கையோடு, ஊரெல்லாம் 'திருமங்கலம் ஃபார்முலா' என்று பேச்சு. அவர் என் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, "இடைத்தேர்தல்னா இதுடா. 365-ஆம், அதுல கவர்மெண்டே ஆடுதாம்" என்றார். பதில் சொல்லலாம் என்று பார்த்தேன். விட்டுவிட்டேன்.

2009 ஜூன் 4 இரவு, ஐரோப்பிய நாடாளுமன்ற, உள்ளாட்சித் தேர்தல்களின் வாக்குப்பதிவு முடிந்த கையோடு, ஜேம்ஸ் பர்னெல் அமைச்சரவையிலிருந்து விலகிப் பிரவுனையும் விலகச் சொன்னார். மற்ற பெரிய தலைகள் அசையவில்லை. 2010 ஜனவரியில் இரண்டு முன்னாள் அமைச்சர்கள் ரகசிய வாக்கெடுப்பு கேட்டார்கள், மாலைக்குள் அது பிசுபிசுத்தது. இரண்டு முறையும் என் தலைப்பு 'பிரவுனுக்கு நெருக்கடி'. அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. எண்ணப்பட்ட நாட்கள் என்று நான் எழுதியது இருபத்தொரு மாதம் நீண்டு, பொதுத்தேர்தலில் தோற்று, 2010 மே 11-ல்தான் முடிந்தது.

அந்தத் தேர்தல் முடிவுகள் வந்த மே 7 அன்று நான்தான் டெஸ்க்கில் இருந்தேன். பட்டியலில் முதலில் தேடியது கிளாஸ்கோ கிழக்கு. அதே மார்கரெட் கரன், ஜான் மேசனை 11,840 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்திருந்தார். பிரின்ட் எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன்.

அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளைத் தூரமாகப் பிடித்துப் படித்தார். "நாடே கைவிட்டுப் போச்சுங்கற. அன்னைக்குத் தோத்த தொகுதி மட்டும் திரும்பி வந்துருச்சா? நல்லாப் பாருடா தம்பி, மாத்திப் படிச்சிருக்கப் போற."

இன்னொரு தடவை பார்த்தேன். சரியாகத்தான் படித்திருந்தேன்.