உங்க கூடப்பொறந்தவளா இருந்தா என்ன சொல்வீங்க

ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் அந்த அஞ்சு நிமிஷம் மனசுல ஓடிக்கிட்டேதான் இருக்கு.

அந்த அக்காவுக்கு 52 வயசு, வீட்டுலயே தையல். மார்புல புத்துநோய்க் கட்டிய எடுத்தாச்சு, 1.7 செ.மீ, கிரேடு 2, அதாவது நடுத்தர வீரியம், அக்குள் நெறிக்கட்டி எதுலயும் இல்ல, ஈ.ஆர். பாசிட்டிவ் (ஹார்மோனால வளர்ற வகை), ஹெர் 2 நெகட்டிவ் (ஹெர் 2ங்கிற புரதம் அதிகமா இல்ல). கீமோ போடுற டே கேர்ல என்னைய மாதிரி நர்ஸா வேலை பாக்குறவங்களுக்குத் தெரியும், இந்த மாதிரி ரிப்போர்ட்தான் ரொம்ப இழுபறி. நெறிக்கட்டில நெறைய பரவியிருந்தா பேச்சே இல்ல, போட்டுத்தான் ஆகணும். இதுல ஹார்மோன் மாத்திரை கட்டாயம், கீமோ யோசிச்சு முடிவு பண்ண வேண்டியது. டாக்டர் பொறுமையாத்தான் சொன்னாரு, உங்கள மாதிரி 100 பேருக்கு மாத்திரையோட கீமோவும் போட்டா கூடுதலா ரெண்டு மூணு பேருக்கு பிரயோஜனம் இருக்கலாம்னு. கட்டியோட பிளாக்க (மெழுகுல பதிச்சு வச்ச துண்டு) அமெரிக்காவுக்கு அனுப்பி 21 ஜீன் பாத்து, கீமோ பிரயோஜனப்படுமான்னு ஸ்கோர் போடுற டெஸ்ட்டையும் சொன்னாரு. ரெண்டு லட்சத்துக்கு மேலன்னதும் அவங்க வீட்டுக்காரர் தலைய குனிஞ்சுக்கிட்டாரு, அந்தப் பேச்சு அதோட போச்சு.

டாக்டர் அடுத்த பேஷன்ட பாக்க போனதும் அந்தக்கா என் கைய புடிச்சுக்கிட்டாங்க. "அந்த மூணு பேர்ல நான் இருக்கேனா இல்லையான்னு எப்படி சிஸ்டர் தெரியும்?" எனக்கு பதில் இல்ல. "உங்க கூடப்பொறந்தவளா இருந்தா என்ன சொல்வீங்க?"

"போட்டுருன்னுதான்க்கா சொல்வேன்."

யோசிக்கவே இல்ல, வாய்ல வந்துருச்சு. அவங்க உடனே கையெழுத்து போட்டுட்டாங்க.

ஏன் அப்படி சொன்னேன்னு நானே என்னைய பல தடவ கேட்டுருக்கேன். அதுக்கு முந்தின வாரம்தான் கீமோ வேணாம்னு போன இன்னொரு அம்மா முதுகு வலின்னு திரும்பி வந்தாங்க, எலும்புக்கு போயிருந்துச்சு. அவங்க முகம்தான் எனக்குள்ள இருந்துச்சு, இந்தக்காவோட ரிப்போர்ட் இல்ல. ஆனா 2018லயே டெயிலர்எக்ஸ் ஆய்வோட முடிவு வந்தாச்சு, 50 வயசுக்கு மேல, நெறிக்கட்டி சுத்தமா இருந்து, அந்த டெஸ்ட்ல ஸ்கோர் 11லேருந்து 25க்குள்ள இருந்தா மாத்திரை மட்டுமே போதும்னு, அத நானும் ஒரு கிளாஸ்ல கேட்டுருக்கேன். சரி, அவங்க ஸ்கோர் 30ஆ கூட இருந்திருக்கலாம், அப்ப கீமோதானே சரி? டெஸ்ட்டே பண்ணாம என்னத்த சொல்ல.

நாலு தடவ சிவப்பு மருந்து, முடி கொட்டுச்சு, வாந்தி, அதெல்லாம் தாங்கிட்டாங்க. அப்புறம் வாராவாரம் பாக்லிடாக்சல்ங்கிற இன்னொரு கீமோ மருந்து, மொத்தம் 12. ஒன்பதாவது வாரம் ஊசி போட கைய நீட்டுனப்ப பாத்தேன், வலது கை ஆள்காட்டி விரல் நுனி பூரா சின்னச்சின்ன பொத்தல், காய்ஞ்ச ரத்தப்புள்ளி. ஜாக்கெட்டுக்கு ஹூக் வச்சப்ப ஊசி குத்தியிருக்கு, குத்துனதே தெரியலயாம், அஞ்சாவது வாரத்துலேருந்தே மரத்துப்போச்சாம். ஒவ்வொரு வாரமும் நான் கேக்குறப்ப ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாங்க. ஏன்க்கா சொல்லலன்னு கேட்டா, "சொன்னா நிறுத்திருவாங்கல்ல, நீங்கதானே சிஸ்டர் போட்டுருன்னு சொன்னீங்க, பாதில விட்டா நல்லாருக்குமா?"

டாக்டர்ட்ட சொல்லி டோஸ குறைச்சாங்க. ஆனா விரல் இன்னும் பழையபடி வரல.

என் மேல அவங்களுக்கு ஒரு கோவமும் கிடையாது, செக்கப் வர்றப்பல்லாம் எனக்கு ஒரு முழம் மல்லிப்பூ. நல்லாத்தான் இருக்காங்க, லெட்ரோசோல்ங்கிற ஹார்மோன் மாத்திரை ஓடுது. கீமோவாலதான் நல்லாருக்காங்களா, போடாம இருந்தாலும் இப்படியேதான் இருந்திருப்பாங்களா, அது யாருக்கும் தெரியப்போறதில்ல. நான் பொய் சொல்லல, என் அக்காவா இருந்தாலும் அன்னைக்கு அதத்தான் சொல்லிருப்பேன். ஆனா என் அக்கா விரல வச்சு பொழைக்கிறவ இல்லையே. விரல் மரத்துப்போகலாம்னு ஃபாரத்துல இருந்துச்சு, படிச்சும் காட்டுனேன். அவங்க தையல்காரங்கன்னு தெரிஞ்சும் அந்த வரில நான் நிக்கல.

இனிமே அந்த கேள்விக்கு பதிலே சொல்லக்கூடாதுன்னு முடிவு பண்ணிருந்தேன். போன மாசம் கிட்டத்தட்ட இதே மாதிரி ரிப்போர்ட்டோட ஒரு டீச்சர், அதே கேள்வி. டாக்டர்ட்டயே இன்னொரு தடவ கேளுங்கம்மான்னு சொன்னேன். அவங்க என்னையவே கொஞ்ச நேரம் பாத்துட்டு, "டாக்டர் சொன்னது புரிஞ்சுதும்மா, பயமா இருக்குன்னுதான் உன்ட்ட கேட்டேன்"னாங்க. ஃபைல எடுத்துக்கிட்டு தனியா போய் அந்த பெஞ்ச்ல உக்காந்துக்கிட்டாங்க.